பலகையில் ஒட்டிய பெயர்

ரத்தினம்மா செய்த காரியம் இன்னும் அவள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வாரா வாரம் படித்துக்கொண்டிருப்பதால் நாமும் கொஞ்சம் உடந்தைதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டசாலையில் குடியிருக்கும் ரத்தினம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் சிந்துஜா, முப்பத்து மூன்று வயது. கண்டியில் ஒரு லீசிங் கம்பெனியில் கவுண்டரில் இருந்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முகம் உருண்டு சிவந்தது, வயிறு பெருத்தது, கை கால் மெலிந்தது. வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாக வந்தது. அந்தக் கோடுகளைக் கண்ட அன்று ரத்தினம்மா மகளிடம் கேட்ட முதல் கேள்வி, "யாருடி அவன்?"

அவன் யாருமில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி, உடம்பில் ஓமோன் என்கிற சுரப்பு நீரைத் தாறுமாறாகச் சுரக்க வைத்துக்கொண்டிருந்தது. குஷிங் நோய் என்று பெயர். இத்தனை வருஷத்தில் மூன்றாவது ஆளைத்தான் பார்க்கிறேன் என்றார் டொக்டர். கட்டியை எடுத்தார்கள். ஓமோன் மட்டும் பழையபடி திரும்பி வரவில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு நாள் நகராது. கூடவே மனச்சோர்வும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக, பேராதனையில் ஓமோன் கிளினிக் ஒன்று, மனநல கிளினிக் ஒன்று.

இதையெல்லாம் ரத்தினம்மா அக்கம்பக்கத்துக்கு இரண்டே சொல்லில் முடித்து வைத்திருந்தாள்: "வேலைக்குப் போறா." கிளினிக் நாட்களில் மகளுக்குச் சேலை கட்டிவிட்டு, தோளில் பழைய ஒபிஸ் பையை மாட்டி அனுப்புவாள். பைக்குள்ளே டொக்டர் எழுதிக் கொடுக்கும் கிளினிக் கொப்பி இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சிந்துஜா தானாகவே போய் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தாள். மாத்திரையை வெளியில் வாங்க நேரும் மாதங்களில் தம்பியிடம் கை நீட்ட அவளுக்குக் கூசியது. தெரிவானவர்களின் பட்டியலைக் கிராம சேவகர் கந்தோரில் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் அறிவிக்கும்படி. அங்கேதான் ரத்தினம்மாவுக்குச் சிக்கல் தொடங்கியது. மகன் அஜந்தனுக்கு மாத்தளையில் பெண் பேசி முடித்தாயிற்று. பெண்ணின் தாய்மாமன் இருப்பதோ இதே குண்டசாலையில். அவர் கண்ணில் அந்தப் பலகை பட்டால்?

கண்டிக் கோர்ட்டுப் பக்கம் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் போனாள். மகள் பேரைப் பலகையில் இருந்து எடுக்க வேண்டும் என்றாள். காரணம் என்ன என்று அவர் கேட்டார். வாய்க்குப் பழகிய பதில் தானாக வந்தது. "அவ வேலைக்குப் போறா. பேராதனைக்கு." அவர் எழுதினார், இவள் ஒப்பம் வைத்தாள், அடையாள அட்டை இலக்கமும் கொடுத்தாள். பேர் பலகையில் இருப்பது ஒன்று, பணம் வருவது வேறொன்று, ஒன்றை எடுத்தாலும் மற்றது வந்துகொண்டிருக்கும் என்று மனதார நம்பினாள். அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் காலை முழுக்க ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு நடந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் கடிதத்துக்கு இன்று விசாரணை.

* * *

"போகாம விட்டா என்ன?" என்றாள் ரத்தினம்மா, மகளின் தலையைச் சீவிக்கொண்டே. "நீ போகலன்னா அவங்களே விட்டுருவாங்க."

"போகலன்னா பேரை வெட்டிருவாங்கம்மா. பொய்த் தகவல் குடுத்ததா எழுதிருவாங்க. அப்புறம் அடுத்த தெரிவு வரைக்கும் விண்ணப்பப் போமே குடுக்க முடியாது."

"அந்தக் காசு வந்துதான் நம்ம சோறு திங்கணுமா?"

சிந்துஜா கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டி எடுத்த பிறகு முகம் பாதி வடிந்துவிட்டது. ஆனாலும் கண்ணாடியைப் பார்க்காமல் உடுத்திக்கொள்ளும் பழக்கம் அவளை விடவில்லை.

அஜந்தன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். கண்டியில் போன் கடையில் வேலை. இன்றைக்கு அரை நாள் லீவு எடுத்திருந்தான். "எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றான், பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்து.

"யாரு?" ரத்தினம்மாவின் கையிலிருந்த சீப்பு நின்றது.

"வேற யாரு? ஜஹானா அக்கா. போன மழைக்கு அவங்க வீட்டுத் தண்ணி நம்ம பக்கம் வருதுன்னு நான் சத்தம் போட்டேன்ல? அன்னைக்கு வச்ச வஞ்சம்."

"அப்படியெல்லாம் இருக்காதுடா" என்றாள் ரத்தினம்மா.

அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த இடத்தில் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இன்றைய நாள் வேறு மாதிரிப் போயிருக்கும். மகளின் பின்னலை இறுக்கி முடித்து, பழக்கத்தில், ஒபிஸ் பையை எடுத்து நீட்டினாள்.

"இன்னைக்கு அது வேணாம்மா" என்றாள் சிந்துஜா. மருந்துச் சீட்டு, கிளினிக் கொப்பி, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பைலில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். பைல் கண்ணாடி மாதிரித் தெளிவானது. மேலே இருந்த தாளில் மனநலப் பிரிவு என்று அச்சடித்திருந்தது வெளியே தெரிந்தது. பஸ் ஹோல்ட் வரைக்கும் ரத்தினம்மா மகளின் இடது பக்கமாகவே நடந்தாள், பைலை மறைத்துக்கொண்டு.

* * *

பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் மூன்று மேசை. மூன்றாவது மேசையில் விசாரிக்கும் அதிகாரி ராஜலிங்கம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்து ஆறு வருஷம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதை மேசையில் தேடுகிற ரகம். மேசைக்கு முன்னால் நாலு கதிரை. பின்னால் நீளப் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். மறைப்பு, திரை என்று ஒன்றும் கிடையாது.

நாலு கதிரைகளில் ஒன்றில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். ஜஹானா.

அஜந்தன் அம்மாவைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனா இல்லையா என்று எழுதியிருந்தது.

"எல்லாரும் இருங்கோ" என்றார் ராஜலிங்கம். "அடையாள அட்டையளைத் தாங்கோ, வந்த ஆக்களின்ர விபரம் பதியோணும்."

ரத்தினம்மாவின் அட்டையை வாங்கி இலக்கத்தை எழுதினார். எழுதிக்கொண்டிருந்த பேனை பாதியில் நின்றது. மேசையில் இருந்த விசாரணைப் பைலைத் திறந்து உள்ளே ஒரு தாளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், ரத்தினம்மாவைப் பார்த்தார். பிறகு பைலைத் தன் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"கடிதத்தில என்ன இருக்கெண்டால்," என்று அவர் படித்தார், "'மேற்படி சிந்துஜா என்பவர் பேராதனையில் தொழில் புரிந்து வருகிறார். ஆகவே இவரது பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' வீட்டைப் பார்க்க வந்த எங்கட ஆளும், அயலில விசாரிக்கேக்க வேலைக்குப் போறா எண்டுதான் சொன்னவை எண்டு எழுதியிருக்கிறார். இப்ப நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை."

"நான் வேலைக்குப் போறதில்ல சேர். கிளினிக்குப் போறேன்." சிந்துஜா பைலை நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இதில கொஞ்சம் கேள்வியள் கிடக்கு. கேக்கிறது என்ர வேலை, குறை நினையாதேங்கோ. தனியக் குளிப்பியளோ?"

"சில நாளைக்கு முடியும் சேர்."

"ஏலாத நாளில?"

"குளிக்கிறதில்ல."

பின்னால் பெஞ்சில் எல்லோரும் தங்கள் தங்கள் தாள்களைப் பார்ப்பது போலிருந்தார்கள்.

"தலை வாரி இழுக்கிறது, உடுப்புப் போடுறது?"

"அம்மா செஞ்சு விடுவாங்க."

"வேலைக்குப் போக ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறியள்?"

சிந்துஜாவுக்குக் காது வரைக்கும் சிவந்திருந்தது. ஆனால் குரல் சமமாகத்தான் வந்தது. "பஸ்ஸில இருந்து இறங்க முடியாம கடைசி ஹோல்ட் வரைக்கும் போயிருக்கேன் சேர். எந்திரிக்கணும்னு தெரியும். நம்ம இடம் வந்துருச்சுன்னும் தெரியும். எந்திரிக்க முடியாது. கண்டக்டர் வந்து கையப் புடிச்சு எறக்கி விட்டாரு. குடிச்சிருக்கேன்னு நெனச்சிருக்காரு."

ரத்தினம்மாவுக்கு இது புதுச் செய்தி. எந்த நாள், எந்தச் சேலை கட்டிவிட்ட நாள் என்று மனம் பதறித் தேடியது.

"சட்டைக் கையைத் தூக்கிக் காட்டவா சேர்? தொட்ட இடமெல்லாம் ரத்தம் கண்டிப்போயிருக்கு. வயித்திலயும் கோடு…"

"வேண்டாம் பிள்ளை, வேண்டாம். அதெல்லாம் டொக்டர் எழுதியிருக்கிறார்" என்றார் ராஜலிங்கம் அவசரமாக. அவருக்கே கூசிவிட்டது.

அஜந்தனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான். "இதுதானே வேணும் உங்களுக்கு?" என்றான் ஜஹானாவைப் பார்த்து. "எங்க அக்காவ இத்தனை பேருக்கு முன்னால வச்சு உரிச்சுப் பாக்கணும். அதுக்குத்தானே பெட்டிசம் போட்டீங்க? ஒரு சாக்கடைத் தண்ணிக்காக!"

"டேய், உக்காரு" என்றாள் சிந்துஜா. "அவங்கள நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"நீயா?"

"அயலவர் ஒருத்தர் சாட்சிக்கு வேணும்னு விசாரணைக்கு வரச்சொன்ன கடிதத்தில இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை போய் எல்லாத்தையும் சொன்னேன்."

ஜஹானா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. கோபப்படவில்லை, முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

"நான் எழுதல்ல தம்பி. நான் என்னத்துக்கு எழுதிய? வூட்டுக்கு விசாரிக்க வந்த ஆளுக்கிட்ட, புள்ள வேலைக்குப் போறண்டு செல்லினது மெய்தான். ஒங்கட அம்மா எனக்கு அப்பிடித்தானே செல்லி ஈக்கி. பேக்கும் மாட்டிக்கிட்டு போனா, நான் வேற என்னத்த நெனைக்கிய?"

"பாத்தீங்களா சேர், அவங்களே ஒத்துக்கிறாங்க!" என்றான் அஜந்தன்.

"செல்லினதத்தான் ஒத்துக்கிற. எழுதினத இல்ல" என்றாள் ஜஹானா. பிறகு ராஜலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் ஈக்கிய நான். அந்தப் புள்ள இப்பிடிப் படுறது ஒண்டும் எனக்குத் தெரியாமப் போச்சு. அதான் சேர் எனக்கு வெக்கம். நான் செல்லினது பிழைண்டு எழுதுங்க, கையெழுத்து வெக்கிறன்."

"நடிப்பு" என்றான் அஜந்தன். "எழுதுறதையும் எழுதிட்டு…"

"தம்பி, இது சண்டை பிடிக்கிற இடமில்லை." ராஜலிங்கம் பேனையை மூடி வைத்தார். ஒவ்வொரு சொல்லாக, யாரையும் பார்க்காமல் பேசினார். "கடிதம் தந்தது ஆரெண்டு நான் சொல்லேலாது. அதுக்குச் சட்டம் இடந்தராது. ஆனால் பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு தந்திருந்தால் அவைக்கு எதிரா நடவடிக்கை எடுக்கலாம். தாங்களாச் சொன்னால், அறியாமல் செய்ததெண்டு எழுதி இண்டைக்கே முடிச்சு விடலாம். ஒருத்தரும் சொல்லாட்டி, ரெண்டு பக்கமும் கிடக்கு எண்டு மேல அனுப்போணும். அங்க அநேகமாப் பேரை வெட்டித்தான் விடுவினம்."

ரத்தினம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையைச் சொல்கிறேன்: அந்த ஒரு நிமிஷத்தில் அவள் மகளை நினைக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் பழி ஜஹானா தலையில் இறங்கும், தான் தப்பிக்கலாம் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே ஜஹானா பக்கம் பார்த்தாள். ரமழானுக்குக் கஞ்சியும் பெருநாளுக்குப் புரியாணியும் மதிலுக்கு மேலால் நீட்டிய கை, இதோ, ஒரு கதிரை தள்ளி, மடியில் கோத்தபடி இருந்தது.

"அந்தக் கடிதம் நான் குடுத்தது, சேர்."

"என்னம்மா ஒளர்றீங்க?" என்றான் அஜந்தன்.

"நான்தான்டா. கோர்ட்டுப் பக்கம் போய், காசு குடுத்து எழுதிக்கிட்டு வந்தேன்." அவள் ராஜலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "பேரைப் பலகையில இருந்து எடுக்கத்தான் சொன்னேன் சேர். பணத்தை நிப்பாட்டச் சொல்லல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியாது. இவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. பொண்ணோட மாமன் இங்கதான் இருக்காரு. படிச்சுருவாருன்னு…"

அஜந்தன் உட்கார்ந்துவிட்டான். ஜஹானாவின் பக்கம் திரும்ப அவனால் முடியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஜஹானாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ராஜலிங்கம் புதிதாக ஒரு தாளை எடுத்தார். "சரி அம்மா. உங்கட வாக்குமூலமா எழுதுறன். மகளுக்கு என்ன வருத்தமெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

"ஒடம்புக்கு முடியல்ல சேர்."

"அது காணாது. பேரைச் சொல்லோணும்."

"குஷிங்." நாலு வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாய் திறந்து சொன்னதில்லை. "தலைக்குள்ள கட்டி. ஓமோன் கோளாறு."

"மற்றது?"

"மத்தது… மனசு சரியில்ல."

"எழுதேக்க அப்பிடி எழுதேலாது அம்மா."

"மனநோய் சேர்" என்றாள் ரத்தினம்மா. சத்தமாகவே வந்துவிட்டது. பின் பெஞ்சில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தன் முறை எப்போது என்று கேட்டார். இத்தனை வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தது நடந்தேவிட்டது, நடந்தது இவ்வளவுதான்.

அவள் ஒப்பம் வைத்தாள். ஜஹானா வைத்தாள். ராஜலிங்கம் கடைசித் தாளைச் சிந்துஜாவின் பக்கம் தள்ளினார். "நீங்களும் கையெழுத்து வைச்சால் சரி. நான் சிபாரிசு செய்து அனுப்பிவிடுவன். பேர் நிண்ட இடத்தில நிக்கும்."

சிந்துஜா பேனையை எடுத்தாள். எடுத்தவள் எழுதாமல் அம்மாவைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் வராத கண்ணீர் அப்போது வந்தது.

"நான் உங்களுக்கு அவ்வளவு வெக்கமாம்மா?"

இல்லடி என்று சொல்வது சுலபம். பொய் சொல்லிப் பழகிய வாய் வேறு.

"ஆமாடி" என்றாள் ரத்தினம்மா. "வெக்கமாத்தான் இருந்துச்சு."

சிந்துஜா தலையாட்டினாள். அழுகைக்கு நடுவிலும் அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்தது. இதை அவள் வெகுகாலமாகச் சந்தேகப்பட்டிருந்தாள். இன்றைக்குத்தான் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அம்மா அறியாமல் செய்தாள் என்று முடித்துவிடும் அந்தத் தாளில் இப்போதே கையெழுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை; பேனையை மூடி, தாளின் மேல் குறுக்காக வைத்தாள்.

"எப்ப வரைக்கும் நேரம் இருக்கு சேர்?"

"வெள்ளிக்கிழமை. ஆனால் பிள்ளை, இப்பவே வைச்சிட்டுப் போனால்…"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்."

பைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே ஜஹானாவின் புருஷன் ஸமீம் ஓட்டோவை நிறுத்திவிட்டு நின்றார். சிந்துஜா நேராகப் போய் அதில் ஏறிக்கொண்டாள். ஜஹானா தயங்கினாள், ரத்தினம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தானும் ஏறி, அந்தப் பிள்ளைக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

ரத்தினம்மா படியில் ஓடி இறங்கினாள். "எங்கடி போற? மாத்திரை போடுற நேரம்."

"ஜஹானா அக்கா வீட்டுக்கு. மாத்திரை கையில இருக்கு."

"அங்க என்னா? நம்ம வீடு பக்கத்திலதானே!"

"பக்கத்திலதாம்மா" என்றாள் சிந்துஜா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா உங்க வீட்டுக்கு நான் இன்னைக்கு வரல்ல."